ஸ்டீயரிங் அலையும் பழைய கார்: அலைன்மென்ட்டா, ராக் டைட்டா, ராக் மாற்றுவதா, ஆட்டம் பார்ப்பதா?

போன வருடம் ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கினேன். பத்து வருட வண்டி. இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது, பெயின்ட்டிலும் குறை இல்லை. ஆனால் வட சென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை வழியாகத் திருவொற்றியூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தோள்களும் கடுத்துவிட்டன. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி நேராகப் போகவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கும், திருப்பினால் வலப்பக்கம் ஓடும், மறுபடி திருப்ப வேண்டும். பக்கத்தில் நாற்பதடி கன்டெய்னர் லாரி வரும்போது அரை அடி அலைச்சல்கூட உயிர் விஷயம்.

அடுத்த பத்து நாளில் நான்கு இடங்களில் காட்டினேன், நான்கு விதமான பதில் வந்தது. டயர் கடையில் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது என்றார்கள். தெருமுனைப் பட்டறையில், "ராக்கை ஒரு டைட் வெச்சுட்டா போதும் சார்" என்றார்கள். ராக் என்பது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த கம்பி. பெரிய சர்வீஸ் சென்டரில் ராக் அசெம்பிளியையே மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்தார்கள். கொடுங்கையூரில் ஒரு வயதான மெக்கானிக் மட்டும் எதுவும் சொல்லாமல், "வண்டிய ஸ்டார்ட் பண்ணி யாராவது உள்ள உக்காருங்க தம்பி, ஸ்டீயரிங்க லேசா ஆட்டிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு ஜாயின்ட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க முன் சக்கரத்தின் பக்கம் குனிந்தார்.

இந்த நான்கில் எதற்கு முதலில் காசு கொடுப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு முன்னால் காசே இல்லாமல் முடியும் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, ரோட்டைக் கழித்துவிடுவது. எண்ணூர் சாலையிலும் மணலி சாலையிலும் துறைமுக லாரிகள் இரவும் பகலும் ஓடி ஓடி, தாரில் நீளவாக்கில் தடம் விழுந்துவிடும். லாரியின் சக்கர அகலம் வேறு, காரின் அகலம் வேறு. காரின் ஒரு பக்கம் அந்தப் பள்ளத்திலும் மறுபக்கம் மேட்டிலும் ஓடினால் புது வண்டியும்தான் அலையும். டயர் அகலமாக இருந்தால் இன்னும் அதிகம். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வேறு குறுக்கே தள்ளும். அதனால் இந்தச் சாலைகளில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் குறை சொல்லக் கூடாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மூலக்கடை தாண்டி ஜி.என்.டி. ரோட்டில், தடம் விழாத பகுதியாகப் பார்த்து மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓட்டினேன். அங்கேயும் அலைந்தது. கையைத் தளர்த்தினால் வண்டி மெல்ல மெல்ல இடப்பக்கம் ஒதுங்குவது மட்டும் கோளாறு ஆகாது. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும்.

இன்னொன்று டயர் காற்று. வண்டி ஓடி டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவுப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். என் வண்டிக்கு 30 பி.எஸ்.ஐ., பின் இடது டயரில் இருந்ததோ 21. பின் டயரில் காற்று குறைந்தால் வண்டியின் பின்பக்கம் நீச்சலடிப்பது போல இருக்கும், ஓட்டுபவருக்கு அது ஸ்டீயரிங் கோளாறாகவே தெரியும். காற்றடித்ததும் கால்வாசி அலைச்சல் போய்விட்டது. அப்படியே டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்தான் தயாரிப்புத் தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

சரி, இனி வண்டிக்குள் வருவோம்.

லூஸா, இறுக்கமா, இழுப்பா?

"ஸ்டீயரிங் சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. வைத்தியமும் தனித்தனி.

ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பியும் சக்கரம் அசையாமல், அப்புறம் திடீரென்று பிடித்துக்கொண்டால் அது லூஸ். எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தேய்மானம் இருக்கிறது. வளைவில் திருப்பியதும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வராமல், கடைசியாகத் திருப்பிய பக்கமே வண்டி போய்க்கொண்டிருந்தால் அது இறுக்கம். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங், பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப இடம் கொடுக்கும் உருண்டை மூட்டு), காலடியில் கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்டீயரிங் ராட் ஜாயின்ட், இவற்றில் ஒன்று துருப்பிடித்து மக்கர் செய்யும். எப்போதும் ஒரே பக்கம் போனால் அது இழுப்பு. டயர், அலைன்மென்ட், பிரேக் பிடிபட்டு நிற்பது என்று அதற்குக் காரணங்கள் வேறு.

முதல் இரண்டும் ஓட்டும்போது கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் சிக்கல். இரண்டிலும் ஓட்டுபவர் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருப்பார். ஆனால் லூஸுக்குச் செய்ய வேண்டியதை இறுக்கத்துக்குச் செய்தால் நோய் முற்றும். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வாங்கும் பழைய வண்டி என்றால் இறுக்கத்தைக் கட்டாயம் சந்தேகப்படுங்கள். 2015 வெள்ளத்திலோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலோ தண்ணீரில் நின்ற வண்டியாக இருக்கலாம். இன்ஜினும் சீட்டும் காய்ந்து சரியாகியிருக்கும், காலடி ஜாயின்ட்டுக்குள் போன தண்ணீர் துருவாக உட்கார்ந்திருக்கும்.

அலைன்மென்ட்

சில நூறு ரூபாயில், ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அதனால்தான் எல்லோரும் இதை முதலில் சொல்கிறார்கள். நான் இதைக் கடைசியில் வைக்கிறேன். அலைன்மென்ட் இயந்திரம் நின்றிருக்கும் வண்டியின் சக்கரக் கோணத்தை அளக்கிறது. ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால், நிற்கும்போது ஒரு கோணம், ஓடும்போது ஒரு கோணம், பிரேக் பிடித்தால் வேறொரு கோணம். நின்றபோது சரிசெய்த கணக்குக்கு ரோட்டில் மதிப்பில்லை. நல்ல அலைன்மென்ட் ஆள் முதலில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், லூஸாக இருந்தால் "மாத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்படி அனுப்புகிற கடையை விடாதீர்கள்.

சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்களின் டோ கோணத்தை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே குவிகின்றனவா, வெளியே விரிகின்றனவா என்பது) மட்டும்தான் திருகிச் சரிசெய்ய முடியும். டோ வெளிப்பக்கம் விரிந்துபோனால் வண்டி நிலைகொள்ளாமல் அலையும் என்பது உண்மைதான், அந்த அளவுக்கு அலைன்மென்ட் உதவும். கேஸ்டர் கோணத்தை (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது) பொதுவாக மாற்ற முடியாது. ஆனால் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி அளக்க வேண்டும் என்பதால் பல கடைகளில் விட்டுவிடுகிறார்கள். இடது, வலது கேஸ்டருக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் பள்ளத்தில் விழுந்து ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்த பிரின்ட் அவுட், சரிசெய்ததைவிட அதிகப் பயனுள்ள விஷயம்.

ராக் டைட்

இதைத்தான் நான் மனதார வேண்டாம் என்பேன். ராக்கில் ஒரு அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ இருக்கும், அதைக் கொஞ்சம் முறுக்கினால் பல்லும் பல்லும் நெருங்கி ஆட்டம் குறையும். பணம் சொற்பம், உடனே பலனும் தெரியும், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். அதனால் ராக்கின் நடுப்பகுதிப் பல்தான் தேய்ந்திருக்கும், ஓரங்கள் புதிது போலவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகிற அளவுக்கு முறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். யு-டர்ன் அடித்தபின் ஸ்டீயரிங் திரும்பி வராது. லூஸ் என்ற நோயை எடுத்துவிட்டு இறுக்கம் என்ற நோயை வைக்கிற வேலை இது. அதைவிட மோசம், தேய்ந்த டை ராட் எண்ட் (ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனை ஜாயின்ட்) அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். அது கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது.

ராக் அசெம்பிளி மாற்றுவது

சர்வீஸ் சென்டரைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. வண்டியை லிஃப்டில் தூக்கி நிமிர்ந்து நின்று பார்க்கும் வசதி அங்கேதான் ஒழுங்காக இருக்கிறது. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கில் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, ஸ்டீயரிங்கைத் திருப்ப மோட்டார் தரும் உதவி வந்து வந்து போனாலோ ஸ்கேனர் இல்லாத பட்டறைக்குப் போய்ப் பயனில்லை. ஆனால் அவர்கள் முழு அசெம்பிளியாக மாற்றவே விரும்புகிறார்கள். பில் பல ஆயிரத்தில் போய் நிற்கும். ராக்கின் இரண்டு முனைகளிலும் ரப்பர் உறைக்குள் இருக்கும் ராக் எண்ட் என்ற ஜாயின்ட்தான் பல நேரம் தேய்ந்திருக்கும். அது தனியாகவே ஸ்பேர் கடையில் கிடைக்கிறது, ஜி.பி. ரோட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ராக் எண்ட் வேறு, சக்கரத்தை ஒட்டியிருக்கும் டை ராட் எண்ட் வேறு. இரண்டாவதை மட்டும் மாற்றிவிட்டு "எல்லாம் புதுசு போட்டாச்சு" என்று சொல்கிற இடங்களும் உண்டு. எஸ்டிமேட்டில் ராக் அசெம்பிளி என்று இருந்தால், ஆட்டம் ராக்குக்கு உள்ளேதான் இருக்கிறது என்பதை உங்கள் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஆட்டம் பார்ப்பது

கொடுங்கையூர் மெக்கானிக் செய்தது இதைத்தான். என் தங்கச்சி மகனை உள்ளே உட்கார வைத்தார். நான்கு சக்கரமும் தரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பவர் ஸ்டீயரிங் வேலை செய்யும்போதுதான் ஜாயின்ட்டுகளில் முழுப் பளு ஏறும். அவன் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவு இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தான். இவர் ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் நல்லது. ஒரு பக்கம் நகர்ந்து, ஒரு நொடி கழித்து மறுபக்கம் நகர்ந்தால் தேய்மானம் அங்கே. இடது ராக் எண்டின் ரப்பர் உறையைக் கையால் அமுக்கிப் பிடித்ததும், "இங்க கைய வைங்க தம்பி" என்றார். விரலில் டிக் டிக்கென்று தட்டியது. உள்ளே இருந்த பையன், "மாமா, சத்தம் எனக்கும் கேக்குது" என்றான்.

அப்புறம் ஜாக்கி போட்டு, சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டும் வைத்து (வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம்) சக்கரத்தை ஆட்டினார். கடிகார முகத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் தெரிகிற ஆட்டம் டை ராட், ராக் எண்ட் பக்கம். பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடத்தில் ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இவற்றைப் பிரித்துப் பார்க்க, உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இரண்டு திசையிலும் ஆடினால் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாகக் கடப்பாரை நுனியை சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷில் (ரப்பர் வைத்த இணைப்பு) கொடுத்து நெம்பினார். ரப்பர் கிழிந்து வாய் பிளந்தது. பிரேக் பிடித்தால் ஒரு பக்கமும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மறுபக்கமும் வண்டி ஒதுங்கினால் பெரும்பாலும் இந்த புஷ்தான் காரணம் என்றார். என் வண்டி அப்படித்தான் செய்துகொண்டிருந்தது, நான் அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு. பார்ப்பவரின் கையும் பொறுமையும்தான் இதில் கருவி. அவசரத்தில் இருக்கும் பட்டறையில் ஐந்து நிமிடத்தில் சக்கரத்தை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஸ்டீயரிங் மோட்டார், சென்சார் கோளாறும் இதில் தெரியாது. சில எலக்ட்ரிக் ஸ்டீயரிங் வண்டிகள் புதிதிலேயே நடுவில் மந்தமாகத்தான் இருக்கும், அதே மாடல் இன்னொரு வண்டியை ஓட்டிப் பார்த்தால்தான் அது புரியும்.

"சட்டப்படி வண்டி சரியாத்தான் இருக்கு" என்று விற்றவர் சொன்னால் அதையும் நம்பிவிடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 98ஆவது விதி ஸ்டீயரிங்கில் 30 டிகிரி வரை ஆட்டத்தை அனுமதிக்கிறது. எல்லா வகை வண்டிகளையும் மனதில் வைத்து எழுதிய எல்லை அது. இன்றைய சின்ன காரில் 30 டிகிரி ஆட்டம் இருந்தால் நான் அதில் குழந்தையை ஏற்ற மாட்டேன். அதே விதி ஸ்டீயரிங் பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த மூடி கிழிந்திருக்கிறதா என்று பார்க்க டார்ச் லைட் போதும், வாங்கும் முன்பே பார்த்துவிடலாம்.

நான் இரண்டு ராக் எண்ட், இரண்டு டை ராட் எண்ட், இரண்டு பக்க லோயர் ஆர்ம் புஷ் மாற்றினேன். அதன் பிறகுதான் அலைன்மென்ட். எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய் ஆனது, சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுசாக முறுக்காமல், வண்டியைத் தரையில் இறக்கிப் பளு ஏறியபின் முறுக்கச் சொல்லி நின்று பார்த்தேன். அப்படிச் செய்யாவிட்டால் புது ரப்பரும் முறுகிச் சீக்கிரம் கிழிந்துவிடும்.

இப்போது எண்ணூர் சாலையில் லாரித் தடம் ஏறும்போது ஒரு சின்ன இழுப்பு வருகிறது, தடத்தைத் தாண்டியதும் வண்டி தானாக நேராகிவிடுகிறது. பின் டயர் இரண்டும் தேய்மானக் குறியை நெருங்கிவிட்டன, மழைக்காலத்துக்குள் மாற்ற வேண்டும்.