ஏசிஎல் ஆபரேஷனுக்கு அப்புறம் பத்து மாசம் போன ஃபிசியோ சென்டர், சூரிச்: என் அனுபவம்

மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4.5. ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) போய் முட்டிக்குள்ள இருக்கற ஏசிஎல்ங்கற ஜவ்வு கிழிஞ்சு, ஆபரேஷன் முடிச்சுட்டு, இனி எந்த ஃபிசியோகிட்ட போறதுனு ராத்திரி பூரா போன்ல தேடிட்டு இருப்பீங்க, நானும் அப்படித்தான் இருந்தேன், அதனாலதான் இவ்ளோ விவரமா எழுதறேன். சென்டர் பேர் போடல, ஏன்னா எங்க சேர்ந்தாலும் இதெல்லாம் அங்க இருக்கானு பாத்துட்டு சேரணும்ங்கறதுதான் எனக்கு முக்கியம்.

விழுந்தது பிப்ரவரில. வாலன் ஏரிக்கு மேல இருக்கற மலை, சாயங்காலம் கடைசி ரவுண்டு, தொடை ரெண்டும் ஓஞ்சு போயிருந்துச்சு, வேகம்கூட பெருசா இல்ல. பின்பக்கமா சாஞ்சு உக்கார்ற மாதிரி ஆயிட்டேன், அப்படியே சறுக்கிட்டே எந்திரிக்கப் பாத்தேன், இடது முட்டிக்குள்ள டப்புனு ஒரு சத்தம். ஸ்கீ கழலவே இல்ல. பைண்டிங்க, அதான் பூட்ஸ ஸ்கீயோட மாட்டற கொக்கிய, சரியா செட் பண்ணிருக்க மாட்டாங்களோனு ரொம்ப நாள் மனசுல கெடந்துச்சு, இத மொத நாளே ஃபிசியோகிட்ட கேட்டேன், அவங்க ஒரு பிளாஸ்டிக் முட்டி பொம்மைய எடுத்து வச்சு திருப்பித் திருப்பி காமிச்சாங்க. பைண்டிங் இருக்கறது முக்கியமா கால் எலும்பு உடையாம காப்பாத்தத்தான், முன்பக்கம் பக்கவாட்டுல முறுக்கினா கழலும், குதிங்கால் மேல தூக்கினா கழலும், ஆனா பின்னாடி உக்காந்த நெலமைல ஸ்கீயோட வால் பனியில புடிச்சு முட்டிய உள்பக்கமா திருப்புதே, அத அது கண்டுக்கவே கண்டுக்காது. இதுக்கு ஃபேன்டம் ஃபுட்னு பேராம். அமெரிக்கால வெர்மான்ட் பக்கம் எட்லிங்கர், ஜான்சன், ஷீலினு மூணு பேர் வருஷக்கணக்கா இத ஆராய்ஞ்சவங்க. 1993-94 சீசன்ல 20 ஸ்கீ ஏரியாவுல வேலை பாக்கற பேட்ரோல் ஆளுங்களுக்கும் இன்ஸ்ட்ரக்டர்களுக்கும் விழற வீடியோவ போட்டுக் காட்டி சொல்லிக் குடுத்ததுலயே பெரிய முட்டி காயம் 62% கொறஞ்சுச்சு. விழுந்துட்டா முழுசா நிக்கற வரைக்கும் எந்திரிக்காத, கால நீட்டி வச்சு தடுக்கப் பாக்காத, சொல்லிக் குடுத்ததுல முக்கியமானது இதுதான். ஸ்கீ கிளாஸ்ல எனக்கு ஒருத்தரும் இத சொல்லல.

ஊர்ல அம்மா புத்தூர் கட்டு போட்டா சேர்ந்துடாதாப்பானு கேட்டாங்க. நல்ல கேள்விதான், எலும்புனா ரத்தம் கட்டி அதுவே ஒட்டிக்கும், ஏசிஎல் மூட்டுக்குள்ள தண்ணில மிதக்கற மாதிரி இருக்கு, கிழிஞ்ச ரெண்டு முனையும் பெரும்பாலும் தானா சேராது. அதனாலதான் நம்ம ஒடம்புல இருந்தே ஒரு நார எடுத்து அந்த எடத்துல வைக்கறாங்க, எனக்கு தொடைக்குப் பின்னாடி ஹாம்ஸ்ட்ரிங்ல இருந்து எடுத்தாங்க. எல்லாருக்கும் ஆபரேஷன் வேணும்னும் இல்ல, சிலர் பயிற்சியிலயே நல்லா ஆயிடறாங்க, எனக்கு படி இறங்கறப்போ முட்டி நழுவிட்டே இருந்துச்சு, அதான் ஒத்துக்கிட்டேன்.

இந்த சென்டர்ல எனக்கு ரொம்ப புடிச்சது, ஆபரேஷனுக்கு முன்னாடியே அஞ்சு வாரம் வர வச்சாங்க. வீக்கத்தோட, கால் நீட்ட முடியாத நெலமைல போய் படுத்தா அப்புறம் மூட்டு இறுகிப் போயிடும்னு சொன்னாங்க. அந்த அஞ்சு வாரம் சைக்கிள், தொடை இறுக்கறது, ஒத்தக்கால்ல நிக்கறது. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் வார்டுல ஒரு நர்ஸ் அக்கா, யாழ்ப்பாணம், என் பேர பாத்துட்டு தமிழ்லயே பேசினாங்க, "மடக்கிறதைப் பிறகு பாப்பம் தம்பி, இப்ப நீட்டுறதைப் பாருங்கோ"னு முட்டிக்கு அடியில நான் வச்சிருந்த தலகாணிய உருவி எடுத்துட்டாங்க. வலி உயிர் போச்சு. ஆனா அவங்க சொன்னதும் ஃபிசியோ சொன்னதும் ஒண்ணே ஒண்ணுதான்.

அதத்தான் கொஞ்சம் கிட்ட இருந்து சொல்லணும். டவல சுருட்டி குதிங்காலுக்கு அடியில வச்சு, முட்டி அந்தரத்துல தொங்கற மாதிரி பத்து நிமிஷம் விடணும், அப்புறம் தொடைய இறுக்கி முட்டிய கீழ அழுத்தணும். மொத வாரம் நான் இறுக்கு இறுக்குனு சொல்றேன், தொடை அசையவே இல்ல, யாரோட காலோ மாதிரி கெடந்துச்சு. பயந்துட்டேன். மூட்டுக்குள்ள வீக்கம் இருந்தா தொடை சதைய ஒடம்பே ஆஃப் பண்ணி வச்சுடும்னு சொல்லி, சதை மேல ரெண்டு பேட் ஒட்டி கரன்ட் குடுத்தாங்க, ஆறாவது நாளோ ஏழாவது நாளோ முட்டி சில்லு ஒரு நூல் அளவுக்கு மேல ஏறுச்சு பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. ஒவ்வொரு தடவையும் கோணம் அளக்கற பிளாஸ்டிக் ஸ்கேல வச்சு நோட்டுல எழுதுவாங்க. நீட்டறதுல 8 டிகிரி கொறை, அப்புறம் 5, அப்புறம் 2, நாலாவது வாரம் சைபர். இந்த அளக்கற பழக்கம் இல்லாத எடத்துக்கு தயவுசெஞ்சு போகாதீங்க.

ஐஸ் தண்ணி சுத்தற மெஷின் வாடகைக்கு எடுக்கலாமானு பல பேர் கேக்கறீங்க. நான் மூணு வாரம் எடுத்தேன். வலிக்கு நல்லா கேக்குது, ராத்திரி தூங்க முடிஞ்சுது, ஆனா சீக்கிரம் மடங்கறதுக்கோ நடக்கறதுக்கோ அதால எதுவும் ஆகல, காசு இடிச்சா ஜெல் பேக் போதும். ஒண்ணு மட்டும் கவனம், தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் ஒரு உள்ளங்கை அளவுக்கு மரத்துப் போயிருக்கும், அங்க சுடுதா குளிருதானு தெரியாது, துணி வைக்காம ஐஸ் வச்சா புண்ணாயிடும்.

மூணாவது வாரம் கீழ விழுந்த சாவிய எடுக்க குனிஞ்சப்போ தொடைக்குப் பின்னாடி பட்டுனு ஒரு இழுப்பு. புது ஜவ்வு போச்சுனே நெனச்சேன். சென்டருக்கு போன் பண்ணேன், அரை மணி நேரத்துல திருப்பிக் கூப்பிட்டு, நார் எடுத்த எடத்துல வர்ற இழுப்பா இருக்கும், வா பாத்துடலாம்னு அன்னிக்கே படுக்க வச்சு முட்டிய இழுத்துப் பாத்து ஜவ்வு உறுதியா இருக்குனு சொன்னாங்க. நாலரை ஸ்டார்ல ஒரு ஸ்டார் அந்த போனுக்குதான்.

ரெண்டாவது மாசம் எல்லாம் சரியான மாதிரி இருக்கும், க்ரட்சஸ் போயிடும், டிராம்ல ஓடி ஏறலாம்னு தோணும். அப்பதான் உள்ள வச்ச நார் ரொம்ப வீக்கா இருக்கற நேரம், ஒடம்பு அத பிரிச்சு புதுசா கட்டிட்டு இருக்கும்னு திரும்பத் திரும்ப சொல்லி என்ன அடக்கி வச்சாங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் ஜிம் பயிற்சி, டாக்டர் எழுதிக் குடுத்தா 36 தடவை வரைக்கும் உண்டு, லெக் பிரஸ், ஒத்தக்கால் ஸ்குவாட், பெட்டி மேல இருந்து குதிச்சு இறங்கறது. சுவத்துல ஸ்விஸ் ஸ்கீ வீராங்கனை லாரா குட்-பெஹ்ராமி படம் ஒட்டிருந்துச்சு. 2017 பிப்ரவரில செயின்ட் மோரிட்ஸ்ல ஏசிஎல் கிழிஞ்சவங்க, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல சூப்பர்-ஜிங்கற ஸ்கீ ரேஸ்ல தங்கம். லெக் பிரஸ்ல உக்காந்தா நேரா அந்தப் படம்தான் தெரியும், பல நாள் அதப் பாத்துதான் கடைசி ரெண்டு தடவைய தள்ளிருக்கேன்.

ஒன்பதாவது மாசம் டெஸ்ட். ஒத்தக்கால்ல தாண்டி டேப் வச்சு அளக்கறாங்க, மெஷின்ல தொடை பலம் பாக்கறாங்க, நல்ல காலோட ஒப்பிட்டா 90%க்கு மேல இருக்கணும். எனக்கு 84. டிசம்பர் மாசம், பனி கொட்டிட்டு இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஸ்கீ பாஸ் வாங்கிட்டாங்க, கெஞ்சிப் பாத்தேன், முடியாதுனுட்டாங்க. நார்வேல பண்ண ஒரு ஆராய்ச்சிய காமிச்சாங்க, ஒன்பது மாசம் வரைக்கும் தள்ளிப்போடற ஒவ்வொரு மாசத்துக்கும் மறுபடி முட்டில அடிபடறது பாதிக்குப் பாதி கொறையுது, ஒன்பது ஆனாலும் பலம் வரலைன்னா போகக்கூடாது. அன்னிக்கு கோவமா வந்துச்சு, இப்ப நெனச்சா அவங்கள கும்பிடத் தோணுது. ஜனவரி கடைசில 93. பிப்ரவரில ஈசியான நீலப் பாதைல மட்டும் ஸ்கீ பண்ணேன், மதியத்தோட இறங்கிட்டேன், தொடை ஓயறதுக்கு முன்னாடியே.

செலவு விஷயம், இங்க சுவிட்சர்லாந்துல ஒரே கம்பெனில வாரம் 8 மணி நேரமாவது வேலை பாத்தா வெளிய நடக்கற விபத்துக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு, பில் நேரா அங்க போயிடும், நம்ம கைக்காசு போகாது, வேலைக்குப் போக முடியலைன்னா மூணாவது நாள்ல இருந்து சம்பளத்துல 80%ம் வரும். அரை ஸ்டார் கொறைச்சது ஏன்னா சாயங்கால அப்பாயின்ட்மென்ட் கெடைக்கவே கெடைக்காது, அப்புறம் ஃபிசியோ ஒரு பிரிஸ்கிரிப்ஷனுக்கு 9 தடவைதான், அது முடியப் போகுதுனு அவங்க ஞாபகப்படுத்த மாட்டாங்க. ஏழாவது தடவை போறப்பவே டாக்டர்கிட்ட அடுத்தத எழுதி வாங்கிடுங்க, நான் விட்டதுல ரெண்டாவது மாசத்துல பதினோரு நாள் சும்மா கெடந்தேன்.