நீளமான மவுண்டன் பைக் ஃபிரேம்: முன்சக்கரத்துக்கு எடை கொடுக்கப் பழகுவது

ரீச் (பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் பொருந்தும் குழாயின் மேல்முனை வரை உள்ள கிடைமட்டத் தூரம்) 435 மி.மீ. இருந்த பழைய ஃபிரேமை விட்டு 480 மி.மீ. ஃபிரேமில் ஏறினால், வேகமான இறக்கத்தில் வரும் நிதானம்தான் முதலில் தெரியும். கல் நிறைந்த சரிவிலும் பைக் அலைபாயாது. ஆனால் பொடிமண் கிடக்கும் சமதள வளைவில் அதே பைக்கின் முன்சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்கும். உடனே பலரும் டயரை மாற்றுகிறார்கள், காற்றைக் குறைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு டயரில் இல்லை, பெடல் மேல் நிற்கும் விதத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டால் புரியும். பழைய பைக்கின் வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 1150, புதியதில் 1250, இரண்டிலும் செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை) 435 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உடல் எடை முழுவதும் பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு சுழலும் இடம்) நேர் மேலே இருந்தால், பழையதில் அதில் ஏறக்குறைய 37.8% முன்சக்கரத்துக்குப் போகும், புதியதில் 34.8%தான். 80 கிலோ எடையுள்ளவருக்கு இது இரண்டரை கிலோ குறைவு. இழந்ததைத் திரும்பப் பெற உடலின் எடை மையம் 4 செ.மீ. அளவுக்கு முன்னே வர வேண்டும். நீளமான ஃபிரேமுக்குப் பழகுவதில் முக்கால்வாசி இந்த 4 செ.மீ.தான்.

முன்னே வருவதென்றால் கைகளால் பாரை (ஹேண்டில்பாரை) அழுத்துவது அல்ல. இடுப்பில் மடங்கி, முதுகைத் தட்டையாக்கி, நெஞ்சைக் கீழே இறக்க வேண்டும். முகவாய் ஸ்டெம்முக்கு (பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) மேலே வரும். முழங்கைகள் வெளிப்பக்கம் விரியும். நின்றபடி உருளும்போது பிடியிலிருந்து விரல்களைத் தளர்த்திப் பாருங்கள். உள்ளங்கையில் லேசான பாரம் இருந்தால் சரி. உடல் பின்னால் சாய்ந்து விரல்கள் தானாக இறுகினால், நீங்கள் பாரில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய பழக்கம் தலைகாட்டுவது செங்குத்தான இடங்களில். பயம் வந்ததும் இடுப்பு பின்சக்கரத்துக்கு மேல் ஓடிவிடும். ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கின் சாய்வுக் கோணம்) 68 டிகிரி இருந்த பைக்கில், பாரைத் தாண்டித் தலைகுப்புற விழாமல் அது காப்பாற்றியது. 64.5 டிகிரியில் முன்சக்கரம் ஏற்கெனவே வெகுதூரம் முன்னால் இருக்கிறது. அதில் பின்னால் போனால் கைகள் நீண்டு விறைத்துவிடும். முன் டயரில் எடை இருக்காது, முன் பிரேக்கைத் தொட்டதும் சக்கரம் பூட்டிக்கொள்ளும். எடையைப் பாதங்களில் வைத்து, முழங்கையில் மடிப்பு மிச்சம் இருக்கும்படி நில்லுங்கள்.

சமதள வளைவில் உடலைச் சாய்க்காமல் பைக்கைச் சாய்க்க வேண்டும். உள்பக்கக் கை பிடியைக் கீழே தள்ள, வெளிப்பக்கப் பெடல் இறங்க, நெஞ்சு முன்னாலேயே நிற்க வேண்டும். வளைவின் நடுவில் நிமிர்வதுதான் வழக்கமான தவறு. முன்சக்கரம் போவதும் அந்த நொடியில்தான். பெர்ம் (வெளி ஓரத்தில் உயர்த்திய மண் கரை) உள்ள வளைவுகளில் இவ்வளவு கவனம் தேவைப்படாது.

கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் முன்னைவிட அதிகமாக உள்ளே வெட்டும். ஆகவே வெளி ஓரத்தை ஒட்டி நுழைந்து, பழகியதைவிடத் தாமதமாகத் திருப்புங்கள். வேகத்தை முன்பே குறைத்துவிட்டு, உள்ளே பின் பிரேக்கை மட்டும் மெல்ல இழுத்துப் பிடித்தால் போதும்.

மேனுவலும் (பெடல் மிதிக்காமல் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவது) பன்னி ஹாப்பும் (பைக்கோடு தடையைத் தாண்டிக் குதிப்பது) முதல் சில வாரங்கள் வரவே வராது. கையால் இழுத்துத் தூக்கும் பழக்கத்துக்கு இந்த ஃபிரேம் மசியாது. முதலில் உடலைக் கீழே அமுக்கி, பிறகு கைகள் நீளும்வரை இடுப்பைப் பின்னாலும் தாழ்வாகவும் தள்ள வேண்டும். எடை பின்னே போய்ச் சேர நேரம் கூடுவதால், தடைக்குச் சற்று முன்பாகவே தொடங்க வேண்டும்.

அமைப்பில் எல்லோரும் முதலில் கை வைப்பது ஸ்டெம். 'எட்டவில்லை' என்று 50 மி.மீ.யிலிருந்து 35-க்கு மாற்றினால் கைகள் 15 மி.மீ. பின்னே வந்து, முன்சக்கரம் இன்னும் லேசாகிவிடும். 2010-களின் தொடக்கத்தில் மோண்ட்ரேக்கர் என்ற பைக் நிறுவனம் நீண்ட ஃபிரேமோடு 10 மி.மீ. ஸ்டெம்மையே கொடுத்துப் பார்த்தது. இன்று பெரும்பாலான ட்ரெயில் பைக்குகள் 35 முதல் 50-க்குள் நின்றுவிட்டன. குறைந்தது ஒரு மாதம் ஸ்டெம்மைத் தொடாமல் ஓட்டுங்கள். பார் உயரத்தை 5 மி.மீ. ஸ்பேசர் (ஸ்டெம்முக்கு அடியில் இடும் வளையம்) ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். 64.5 டிகிரியில் 10 மி.மீ. ஏற்றினால் பார் 4 மி.மீ. பின்னேயும் வரும் என்பது நினைவில் இருக்கட்டும்.

ஃபோர்க்கின் 'சேக்' அளவை (உங்கள் எடையில் அது அமுங்கும் அளவு) உட்கார்ந்து அளக்காதீர்கள். ஓட்டும் நிலையில் நின்று அளந்து 15-20% வருகிறதா பாருங்கள். பழைய காற்றழுத்தத்தையே வைத்தால் ஃபோர்க் உயர்ந்தே நிற்கும். ஒரு தடவைக்கு 2 பிஎஸ்ஐ என்று குறையுங்கள்.

செயின்ஸ்டேயை 10 மி.மீ. நீட்டும் வசதி சில ஃபிரேம்களில் உண்டு. மேலே போட்ட கணக்கிலேயே வைத்தால் முன்சக்கரப் பங்கு 34.8%-லிருந்து 35.3% ஆகும். உதவிதான், ஆனால் உடல் முன்னே வருவதற்கு அது ஈடாகாது.

ஏற்றத்தில் பழகப் பெரிதாக ஒன்றும் இல்லை. சீட் டியூப் (சீட்டைத் தாங்கும் குழாய்) 76-77 டிகிரி என்று செங்குத்தாக இருப்பதால் உட்கார்ந்த நிலை ரீச் எண் பயமுறுத்தும் அளவுக்கு நீளமாக இராது. முன்சக்கரம் தூக்குவதும் குறையும். நீண்ட சமதளத்தில் மட்டும் உள்ளங்கை வலிக்கலாம்.

இத்தனையும் செய்து இரண்டு மாதம் ஆன பிறகும், நின்ற நிலையில் முழங்கையை மடக்க இடமில்லையென்றால் ஃபிரேம் ஒரு அளவு பெரிது. ஓட்டும் பாதைகள் எல்லாம் மரங்களுக்கிடையே நெளியும் மெதுவான வளைவுகள் என்றால், அப்போதும் ஒரு அளவு சிறியதை வாங்குவதே நல்லது.