பிளிமத்தா, ஜேம்ஸ்டவுனா: மூதாதையரைத் தேட எந்தத் தடம் தெளிவு?

1607இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்களும் 1620இல் மேஃபிளவர் கப்பலில் அதற்கு வடக்கே உள்ள பிளிமத் வந்தவர்களும் இங்கிலாந்துக்காரர்கள்தான். ஆனால் அவர்களின் வம்சாவளியைத் தேடும் பாதைகள் வெவ்வேறு.

பிளிமத் பக்கம் தேடுபவர் கொடுத்து வைத்தவர். கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே மாண்டார்கள் என்றாலும், வந்தவர்களில் பலர் குடும்பத்தோடு வந்தவர்கள். பிரிசில்லா மல்லின்ஸ் என்ற இளம்பெண் தாய், தந்தை, சகோதரன் மூவரையும் இழந்தாள். பிறகு ஜான் ஆல்டனை மணந்தாள். அவர்கள் வழியில் வந்தவரே அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ். அண்டையிலிருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1639இலேயே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியச் சட்டம் போட்டது. மேஃபிளவர் வழித்தோன்றல்களின் சங்கம் 1897 முதல் இயங்குகிறது.

வர்ஜீனியாவில் நிலைமை கடினம். வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆட்கள், கூலி ஒப்பந்தத்தில் வந்த இளைஞர்கள். ஒருவரின் பயணச் செலவை ஏற்றவருக்கு 50 ஏக்கர் நிலம் கிடைத்தது. அதனால் பல ஏழைகளின் பெயர், இன்னொருவரின் நிலப்பத்திரத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பெற்றோர் யார், ஊர் எது என்ற விவரமே இருக்காது. என்னை அதிகம் உலுக்குவது இதுதான். போதாக்குறைக்கு, உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்காகத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பிய பல மாவட்டங்களின் ஆவணங்கள் 1865இல் அந்நகரில் பரவிய தீயில் அழிந்தன.

ஆனாலும் 1624–25 கணக்கெடுப்பு ஒரு பொக்கிஷம்: பலருடைய வயது, வந்த கப்பல், ஆண்டு எல்லாம் அதில் உண்டு. வர்ஜீனியாவில் தேடுபவர் அதில் தொடங்கி, நிலப்பத்திரங்களுக்குப் போவதே நல்லது.