ஒரே கூண்டா, தனித்தனிக் கூண்டா?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் பின்கட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் கோல்டன் ஃபெசன்ட், லேடி ஆம்ஹர்ஸ்ட் என்ற அழகுக்காக வளர்க்கும் கோழியினப் பறவைகள் இரண்டையும் ஒரே பெரிய கூண்டில் விடலாமா என்று வளர்ப்பவர்கள் யோசிக்கிறார்கள்.

சேர்த்து விட்டால் செலவு குறைவு, பார்க்கவும் அழகு. சரி, ஆனால் இரண்டும் நெருங்கிய இனங்கள், எளிதில் கலந்துவிடும். அந்தக் கலப்புக் குஞ்சுகளும் வளர்ந்து முட்டையிட்டுப் பெருகும் என்பதுதான் பெரிய சிக்கல். சில தலைமுறை கழித்து, தூய பறவை மாதிரியே தெரியும் ஒன்று கலப்பாக இருக்கலாம். வாங்குகிறவருக்கு அது தெரியாது.

தனித்தனி என்றால் வலை, தண்ணீர், நம் வெயிலுக்கு வேண்டிய கீற்று நிழல் எல்லாமே இரண்டு மடங்கு. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். ஜோடி சேர்க்கும்போது பெட்டைகள்தான் குழப்பும், இரண்டுக்கும் பழுப்பு வரிகள். கால்களைப் பாருங்கள்: கோல்டனுக்கு மஞ்சள் சாயல், ஆம்ஹர்ஸ்டுக்கு நீலச்சாம்பல். ஆம்ஹர்ஸ்ட் சேவலின் சிவப்புக் கொண்டையில் மஞ்சளோ ஆரஞ்சோ கலந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். சேவலுக்கு முழு நிறம் இரண்டாம் ஆண்டில்தான் வரும், அதுவரை பொறுங்கள்.

ஏற்கெனவே கலப்புப் பறவை இருந்தால் அன்பாக வளர்க்கலாம். அதன் முட்டையை மட்டும் அடைக்கு வைக்காதீர்கள்.