ஜனவரியில் மால்டாவா, சைப்ரஸா?

மத்தியதரைக்கடல் தீவு என்றதும் நீலக்கடலும் நீச்சலும்தான் நினைவுக்கு வரும். ஜனவரியில் அதை மறந்துவிடுங்கள். மால்டாவில் கடல்நீர் 15, 16 டிகிரிதான். சைப்ரஸில் கொஞ்சம் கூட. கால் நனைக்கலாம், அவ்வளவுதான். பகல் வெப்பமும் இரண்டு இடத்திலும் 15 முதல் 17 டிகிரிக்குள். வெயில் அடித்தால் வெறும் சட்டையோடு வெளியே உட்கார்ந்து காபி குடிக்கலாம், மேகம் மூடினால் ஜாக்கெட் வேண்டும். அதனால் வெயிலை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. மழை வந்தால் என்ன செய்வீர்கள், கார் ஓட்டுவீர்களா என்பதுதான் கேள்வி.

இரண்டு தீவுக்கும் மழைக்காலமே குளிர்காலம்தான். மழையைச் சமாளிப்பதில் மால்டா கெட்டி. மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். தலைநகர் வலேட்டாவில் தங்கினால் பஸ்ஸிலேயே பெரும்பாலான இடங்களைப் பார்த்துவிடலாம். அங்குள்ள புனித ஜான் இணைப் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608-ல் வரைந்த ‘யோவானின் சிரச்சேதம்’ இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான். கையெழுத்தை மூலையில் தேடாதீர்கள். யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே பெயரை எழுதியிருக்கிறார். ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியம் பாறைக்குள் குடைந்த கற்காலச் சுரங்கக் கல்லறை. நாளைக்கு 80 பேரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள் என்பதால், விமான டிக்கெட் எடுத்த கையோடு அதையும் போட்டுவிடுங்கள்.

கோசோ தீவுக்குப் படகில் 25 நிமிடம்தான், ஆனால் காற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பிரபலமாக இருந்த அசூர் ஜன்னல் என்ற கல் வளைவு 2017 மார்ச்சில் ஒரு புயலில் இடிந்து கடலோடு போய்விட்டது. பழைய படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மால்டாவில் என்னைப் படுத்தியது வெளிக்குளிர் இல்லை, வீட்டுக்குள் இருந்த குளிர். சுண்ணாம்புக்கல் சுவர், உயரமான கூரை, ஓடு பாவிய தரை எல்லாமே கோடைக்காகக் கட்டியது. குளித்துவிட்டுத் தொங்கவிட்ட துண்டு இரண்டு நாளாகியும் காயவில்லை. இரவில் ஸ்வெட்டரோடுதான் தூங்கினேன். அறை பதிவு செய்யும்போது கடல் தெரியுமா என்று கேட்காதீர்கள், ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சைப்ரஸ் பரப்பில் கிட்டத்தட்ட முப்பது மடங்கு பெரியது. கார் இல்லாவிட்டால் பாதித் தீவு கைக்கு எட்டாது. நல்லவேளை, இரண்டு நாட்டிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். லிமசோல் கடற்கரையிலிருந்து ஒரு மணி நேரம் ஏறினால் துரோடோஸ் மலை. 1,952 மீட்டர் உச்சியில் பனி விழுந்து பனிச்சறுக்கே நடக்கும். பனி அதிகமானால் சக்கரச் சங்கிலி இல்லாத சாதாரண காரை போலீஸ் மேலே விடாது. காலையில் சாலை நிலவரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிப்ரவரியில் அடிவாரக் கிராமங்களில் பாதாம் மரங்கள் இலை விடுமுன் பூத்துவிடுகின்றன. வெளியே ஓட்டுக்கொட்டகை மாதிரி தெரியும் அசினூ தேவாலயத்துக்குள் போனால் சுவர் முழுக்க ஓவியம். மிகப் பழையவை 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவை.

அய்யா நாபா பக்கம் மட்டும் அறை எடுக்காதீர்கள். கோடையில் ஆடித் தீர்க்கும் ஊர், குளிர்காலத்தில் பாதிக்குமேல் ஷட்டர் இறக்கியிருக்கும். பாபோஸ், லார்னகா, லிமசோல் ஆகியவை ஊர்க்காரர்கள் வாழும் ஊர்கள், எப்போதும் உயிரோடு இருக்கும்.

சாப்பாட்டில் பெரிய சண்டை இல்லை. மால்டாவில் பட்டாணி வைத்த சுடச்சுட பஸ்திஸ்ஸி என்ற பஃப்ஸ் மலிவாகப் பசியாற்றும். மாவில் விலங்குக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு என்பதால் சைவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. சைப்ரஸில் சுட்ட ஹல்லூமி பாலாடைக்கட்டி இருக்கவே இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் போனால் இறைச்சி, பால் சேராத பருப்பு, கீரை வகைகள் தாராளமாகக் கிடைக்கும்.

கார் ஓட்டாதவர், ஐந்து நாள் மட்டும் லீவு உள்ளவர் என்றால் யோசிக்காமல் மால்டா. பத்து நாளும் ஒரு சின்னக் காரும் கையில் இருந்தால் சைப்ரஸ். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான், அதுவும் பாதி காரணம் லார்னகா உப்பு ஏரிதான். கோடையில் வறண்டு வெள்ளையாகக் கிடக்கும் ஏரி, குளிர்கால மழையில் நிறைந்ததும் பூநாரைகள் வந்துவிடும். விமான நிலையத்துக்கு மிக அருகில் இருப்பதால், ஊர் திரும்பும் நாளில் அரை மணி முன்னதாகக் கிளம்பி ஏரிக்கரையில் காரை நிறுத்தினேன். தூரத்தில் மசூதியின் கோபுரம், அதற்கு முன்னால் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டே நகரும் ஒரு இளஞ்சிவப்புக் கோடு.