போரோசிலிகேட் என்ற பெயரில் வரும் வண்ணத் தண்டுகள்: வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

சுடரில் கண்ணாடி வேலை செய்பவர்கள், மறுவிற்பனையாளர்களிடம் வண்ணப் போரோசிலிகேட் (சூட்டில் குறைவாக விரியும் கண்ணாடி, சுருக்கமாக ‘போரோ’) தண்டுகளை வாங்கும்போது, கட்டின் மேல் எழுதியிருக்கும் 33 என்ற விரிவு எண்ணை மட்டும் நம்பி அவற்றை வேலையில் சேர்த்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். இணையவழியில் விற்கும் ஒருவரிடம் நான் வாங்கிய தண்டுகளில் ஒரு பகுதி வெறும் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி, அதாவது எளிதில் இளகும் மென்கண்ணாடி. இன்னொரு பகுதி, போரோசிலிகேட் போலவே உருகினாலும் நம் வேலைக்குப் பொருந்தாத விரிவு கொண்டது. அவற்றைச் சேர்த்துச் செய்த பொருள்கள் விரிசல் கண்டன. பணம் திரும்பி வரவில்லை. விற்றவரோ குற்றம் முழுவதையும் என் அனீலிங்கின் மேல், அதாவது செய்த பொருளை உலைச் சூட்டில் நிறுத்தி மெதுவாக ஆறவிடும் முறையின் மேல், போட்டார். பணம் போனதைவிட இந்தக் கடைசிச் செயலே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவரிடம் இதையே சொன்னால், அவர் அதை நம்பித் தன் உலையையும் தன் கையையும் சந்தேகித்துக்கொண்டு, அதே தண்டுகளை மீண்டும் மீண்டும் வாங்கிக்கொண்டிருப்பார்.

ஒரு வண்ணத் தண்டு வேலைக்கு உதவுமா என்பதை முடிவு செய்வது அதன் வெப்ப விரிவு. ஆய்வகக் கலங்களும் நாம் பயன்படுத்தும் நிறமற்ற தண்டுகளும் ஐஎஸ்ஓ 3585 என்ற பன்னாட்டுத் தரநிலை வரையறுக்கும் போரோசிலிகேட் 3.3 கண்ணாடியால் ஆனவை. அதில் சிலிக்கா ஏறத்தாழ 80 விழுக்காடும் போரான் ஆக்சைடு 12 முதல் 13 விழுக்காடும் இருக்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள அத்தகைய தண்டு 100 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் 0.33 மில்லிமீட்டர் சுருங்கும்; 33, 3.3 என்று எழுதுவது இந்த விரிவையே. கண்ணாடி மணி செய்வோர் பயன்படுத்தும், 104 என்ற எண்ணுள்ள மென்கண்ணாடி அதே அளவு குளிர்ந்தால் 1.04 மில்லிமீட்டர், அதாவது மூன்று மடங்குக்கும் மேல், சுருங்கும். இரண்டையும் உருக்கி ஒட்டினால் சூட்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆறத் தொடங்கியதும் ஒன்றையொன்று இழுத்துப் பிளந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை இன்னும் ஆபத்தானவை. மருந்துக் குப்பிகளுக்கான கண்ணாடியும் போரோசிலிகேட் வகையே. ஆனால் அதன் விரிவு 3.3 அன்று, 5-ஐ ஒட்டியது. அதுபோன்ற ஒன்று வண்ணத் தண்டாக வந்து சேர்ந்தால், உருகும் விதத்தை வைத்து எளிதில் வேறுபாடு காண முடியாது.

எனக்கு நேர்ந்ததும் இந்த இரு வகையிலும்தான். மென்கண்ணாடித் தண்டுகள் முதல் வேலையிலேயே தம்மைக் காட்டிக்கொண்டன. ஆக்சிஜனும் புரோப்பேனும் கலந்த சுடரில், பக்கத்தில் பிடித்திருந்த நிறமற்ற போரோ தண்டு இன்னும் விறைப்பாக நிற்கும்போதே, இவை தேன்போல் தொங்கி, கொதித்துக் குமிழிட்டன. போரோசிலிகேட் 3.3 மென்மையாவது ஏறத்தாழ 820 டிகிரியில். சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி அதற்கு நூறு டிகிரியோ அதற்கும் மேலோ முன்னதாகவே இளகிவிடும். நிறமற்ற குழாயின் மேல் வைத்த சிவப்புப் புள்ளிகள், சுடரை விட்டு எடுத்த சிறிது நேரத்திலேயே ஓசையுடன் தெறித்து விழுந்தன. இவற்றால் இழந்தது அந்தத் தண்டுகளின் விலையும் ஒரு குழாயும் மட்டுமே. ஆனால் அதே பொதியில் வந்த நீலமும் பச்சையும் ஒழுங்காக உருகின, ஒழுங்காக ஒட்டின, உலையிலிருந்தும் முழுதாகவே வெளிவந்தன. அவற்றைக் கொண்டு கைப்பிடி வைத்த கோப்பைகளில், கைப்பிடி சேரும் இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் வாரங்கள் கழித்துத்தான் தோன்றியது. ஒரு கோப்பையில், பயன்படுத்திக்கொண்டிருந்தவரின் கையிலேயே கைப்பிடி கழன்றது. அவருக்குக் காயம் எதுவும் இல்லை என்பது மட்டுமே எனக்கு ஆறுதல்.

விற்றவருக்கு எழுதினேன். முதலில் படம் கேட்டார், அனுப்பினேன். பிறகு அனீலிங் வெப்பநிலையையும் நேரத்தையும் கேட்டார். 565 டிகிரியில் நிறுத்தி, 510 டிகிரி வரை மெதுவாக இறக்கியதைத் தெரிவித்தேன். உலையின் வெப்பமானி பிழையாக இருக்கும் என்றார். வெப்பமானியைச் சரிபார்த்த விவரத்தையும் அனுப்பியபோது, சுடரில் காட்டிய தண்டுகளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற விதியை எடுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பின் மறுமொழி சொல்வதையே நிறுத்திக்கொண்டார். இந்த விதியைத்தான் எல்லோரும் கூர்ந்து பார்க்க வேண்டும். வண்ணத் தண்டின் குறை பெரும்பாலும் சுடரில்தான் வெளிப்படும். ஆனால் சுடரில் காட்டிய கணமே திருப்பித் தரும் உரிமை போய்விடும். இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு விற்பவரிடம் எந்தக் குறையையும் யாராலும் நிலைநாட்ட முடியாது. ஒட்டுமொத்தமாக உருக்கித் தீர்த்த பிறகு திருப்பித் தர முடியாது என்பது நியாயம். தண்டின் நுனியில் இரண்டு சென்டிமீட்டரைச் சோதித்தாலும் திருப்பித் தர முடியாது என்பது, சோதிக்கவே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

அனீலிங் சரியில்லை என்ற மறுமொழிக்கு உறுதியான எதிர்ச்சான்று ஒன்று உண்டு. மிக வேகமாக ஆறியதால் கண்ணாடிக்குள் தங்கிய இறுக்கம், மீண்டும் ஒருமுறை முறையாக அனீல் செய்தால் மறைந்துவிடும்; விரிவு பொருந்தாததால் வரும் இறுக்கமோ எத்தனை முறை அனீல் செய்தாலும், ஆறியதும் அதே இடத்தில் அதே அளவில் திரும்ப வந்து நிற்கும். இதைக் காண்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எல்சிடி கணினித் திரையை முழு வெள்ளையாக வைத்தால் அதிலிருந்து வருவது தளவிளைவுற்ற ஒளி, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி. அதன் முன் பொருளைப் பிடித்து, அத்தகைய ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் போலராய்டு தாளின் வழியாகப் பார்த்தபடியே, திரை இருளும் வரை தாளைச் சுழற்ற வேண்டும். இறுக்கம் இல்லாத கண்ணாடி இருளிலேயே இருக்கும். இறுக்கம் உள்ள இடம் வெளிறி ஒளிரும். ஒளி புகாத நிறங்களில், ஒட்டுக்கு அருகேயுள்ள நிறமற்ற பகுதியைப் பார்க்க வேண்டும். நான் ஒரே உலையில், ஒரே நேரத்தில், நிறமற்ற தண்டோடு நிறமற்ற தண்டை ஒட்டிய துண்டையும், நிறமற்ற தண்டோடு அந்த நீலத்தை ஒட்டிய துண்டையும் வைத்து எடுத்தேன். முதல் துண்டு இருண்டே இருந்தது. இரண்டாவதில் ஒட்டைச் சுற்றி ஒளி வளையம் தெரிந்தது. மறுபடி அனீல் செய்த பிறகும் வளையம் மாறவில்லை. உலையில் பிழை இருந்திருந்தால் இரண்டு துண்டுகளும் ஒளிர்ந்திருக்க வேண்டும். இந்தப் படங்களையும் அனுப்பினேன். அவற்றுக்கு மறுமொழி இல்லை.

பொருளைச் செய்த பிறகு சான்று தேடுவதைவிட, தண்டு வந்து சேர்ந்ததுமே இழைச் சோதனை செய்வது நல்லது. நன்கு தெரிந்த நிறமற்ற போரோ தண்டையும் புதிய வண்ணத் தண்டையும் பக்கவாட்டில் சேர்த்து, இரண்டும் சம அளவில் இருக்குமாறு நுனிகளை உருக்கி ஒட்டி, சுடருக்கு வெளியே எடுத்து ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இழையாக நேராக இழுக்க வேண்டும். இழுக்கும்போது கை சிறிதும் முறுக்கக் கூடாது; முறுக்கினால் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, வளைவு காட்டாமல் ஏமாற்றிவிடும். ஆறிய இழை நேராக நின்றால் இரண்டும் பொருந்துகின்றன. வளைந்தால், வளைவின் உட்புறத்தில் இருக்கும் கண்ணாடியே மிகுதியாகச் சுருங்குவது. இந்தச் சோதனை விரிவு எண்ணைத் தராது, பொருந்துமா என்பதை மட்டுமே சொல்லும்; நமக்கு வேண்டியதும் அதுவே. நல்ல உற்பத்தியாளர்களின் நிறங்களிலும் சிறு வளைவு வரக்கூடும் என்பதால், ஏற்கெனவே நம்பிப் பயன்படுத்தும் ஒரு நிறத்தின் இழையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த பச்சை, அந்த ஒப்பீட்டில் தெளிவாக உள்வளைந்தது.

சுடரையே தொடாமல் செய்யக்கூடிய சோதனையும் உண்டு. திருப்பித் தரும் விதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இதற்குத் தடை சொல்ல முடியாது. போரோசிலிகேட் 3.3-இன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.23 கிராம், சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 2.5. தண்டை உலர்ந்த நிலையில் எடைபோட்டுக்கொண்டு, நீர் நிரம்பிய பாத்திரத்தை மின்னணுத் தராசில் வைத்து அளவைச் சுழியமாக்கி, தண்டை நூலில் கட்டி, சுவரையும் அடியையும் தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிட்டால், தராசு காட்டும் கிராமே கன சென்டிமீட்டரில் அதன் கன அளவு; எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 22.3 கிராம் எடையுள்ள போரோ தண்டு 10 கிராம் காட்டும். அதே எடையுள்ள மென்கண்ணாடி 9 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். பத்தில் ஒரு கிராமைக் காட்டும் தராசு இருந்தால் போதும். நிறமூட்டும் உலோக ஆக்சைடுகளும் உள்ளிருக்கும் குமிழிகளும் இந்த அளவைச் சற்றே மாற்றும். ஆகவே மென்கண்ணாடியை இது எளிதாகப் பிடித்துவிடும், இடைப்பட்ட வகையை அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது. அதற்கு இழைச் சோதனைதான்.

நிறத்திலும் ஏமாற்று இருந்தது. வெள்ளி கலந்த வண்ணத் தண்டுகள் தண்டாக இருக்கும்போது மங்கலான மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்து, சுடரில் ஆக்சிஜன் அளவை மாற்றுவதாலும் மீண்டும் சூடேற்றுவதாலும் ஊதா, நீலம், பச்சை என்று பல சாயல்களைக் காட்டும். அதற்காகவே அவற்றின் விலை கூடுதல். எனக்கு வந்தவை எந்தச் சுடரிலும் எந்தச் சூட்டிலும் அதே பழுப்பாகவே இருந்தன. விற்பனைப் பக்கத்தில் இருந்ததோ முடித்த கலைப்பொருளின் படம். தண்டின் படம் இல்லை. குமிழியும் உருகாத கல் துணுக்கும் நிறைந்த இரண்டாம் தரத் தண்டுகளும் முதல் தரமாகக் கட்டப்பட்டிருந்தன. இரண்டாம் தரத்தை அப்படியே சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பதில் தவறு ஒன்றும் இல்லை. சொல்லாமல் விற்பதே தவறு. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் பலவற்றில் காட்மியம் இருக்கும். அவற்றை மிகையாகச் சூடேற்றினால் கொதித்துக் கெடுவதோடு, அந்தப் புகையை மூச்சில் இழுப்பது உடலுக்குத் தீங்கானது. அவற்றுக்குப் பாதுகாப்புத் தகவல் தாள் கேட்டபோது, அப்படி ஒன்று தேவையில்லை என்று எழுதினார். நிறத்தில் செய்த ஏமாற்றைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க முடியாது.

ஆகவே மறுவிற்பனையாளரிடம் வாங்குவதற்கு முன்பே, நுனியைச் சோதித்த தண்டின் மீதியைத் திரும்பப் பெறுவீர்களா என்று கேட்டு, மறுமொழியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உற்பத்தியாளரின் தொகுதிச் சீட்டுடன் கூடிய கட்டையே கேளுங்கள். பிரித்து ரப்பர் வளையம் போட்டு மறுபடி கட்டிய கட்டில் எது எங்கிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாமல் போகலாம். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு விரல் நீளத் துண்டை உருக்காமல் எடுத்து, பெயரும் தேதியும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி எடுத்து வைத்த துண்டுகள் இருந்ததால்தான் எந்தக் கோப்பையில் எந்தத் தண்டு சேர்ந்தது என்று பிரித்தறிய முடிந்தது.

இதே போன்ற தண்டுகளால் ஏற்கெனவே கோப்பையோ குடுவையோ செய்து பிறரிடம் கொடுத்திருப்பவர்கள், அவை இதுவரை உடையவில்லை என்று விட்டுவிட வேண்டாம். பொருந்தாத விரிவின் இறுக்கம் காலத்தால் தளராது. ஒரு சிறு கீறலோ சூடான பானமோ அதற்குப் போதும். வாங்கியவர்களிடம் தெரிவித்து, அவற்றைத் திரும்பப் பெற்று, ஒவ்வோர் ஒட்டையும் போலராய்டு தாளின் வழியே பார்த்து, ஒளிர்பவற்றைப் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். நான் கொடுத்தவற்றை அவ்வாறே திரும்பப் பெற்றுவருகிறேன். நீலத்தையும் பச்சையையும் சேர்த்துச் செய்தவற்றில் ஒளிராத ஒட்டு இதுவரை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.