லினன் விரிப்பு: கல்லா, என்சைமா, சிலிக்கோனா?

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் அறைகளை விருந்தினர் தங்க ஏற்பாடு செய்தபோது, கட்டில்களுக்கு லினன் விரிப்புதான் என்று முடிவாகிவிட்டது. காரணத்தை நீட்ட வேண்டாம். இந்தப் பக்கத்து வெயிலுக்கு வியர்வையை இழுத்துச் சீக்கிரம் காய்கிற துணி வேண்டும். ஆளிச் செடியின் நார் அதைச் செய்யும்.

ஆனால் தறியிலிருந்து இறங்கும் லினன் விறைப்பாக இருக்கும். நார்களை ஒட்டவைக்கும் பெக்டின் மிச்சமிருக்கும், பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வேறு. ஆலையில் கஞ்சியை நீக்கி, காரத்தில் வேகவைத்து, பெராக்சைடில் வெளுத்தபின்னும் கொஞ்சம் முரடு தங்கும். அதை எப்படிப் போக்குகிறார்கள் என்பதில்தான் விரிப்புக்கு விரிப்பு வித்தியாசம். கடையில் எதைக் கேட்டாலும் 'ப்ரீ வாஷ்' என்ற ஒரே பதில்தான் வரும்.

துவைக்காத லினன் மலிவு. முதல் சலவையிலேயே 5 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கலாம். மெத்தை அளவுக்குச் சரியாகத் தைத்தவர்களுக்கு அது போதும், அழுவதற்கு!

சிலிக்கோன் மென்மையூட்டி போட்டதைத் தொட்டவுடன் வாங்கத் தோன்றும், அவ்வளவு வழுவழுப்பு. ஆனால் அது நாரின் மேல் பூசிய படலம். சலவைக்குச் சலவை கரையும். சில வகைகள் வியர்வையை உள்ளே விடாமல் தடுக்கும், வெள்ளைத் துணியை மஞ்சளாக்கவும் செய்யும். கடையிலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் வேண்டாம். தண்ணீரை ஈர்க்கும் சிலிக்கோனும் உண்டு என்பதால், சொட்டு உடனே உள்ளே போனதை வைத்து மட்டும் பூச்சே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

மீதி இரண்டுக்கும்தான் போட்டி. கல் சலவையில், எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகி உண்டான நுரைக்கல்லைத் (பியூமிஸ்) துணியோடு டிரம்மில் சுழற்றுவார்கள். துணி பழகியதுபோல் தளர்ந்து, நிறமும் அங்கங்கே மங்கி அழகாக வரும். என்சைம் சலவையில் செல்லுலேஸ் என்ற நொதி, நாரின் மேல்மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைக் கடித்து எடுக்கும். டிரம் சுழல்வதும் துணியைத் தளர்த்தும். பொதுவாக 45 முதல் 60 டிகிரி சூட்டில், சற்றே அமிலத் தன்மையுள்ள தண்ணீரில் இது நடக்கும். அப்புறம் சூட்டையோ காரத்தையோ ஏற்றி நொதியை நிறுத்த வேண்டும். நிறுத்தத் தாமதித்தால் அது நாரையே தின்னும், துணி வலுவிழக்கும். ஆக, என்சைம் சலவை என்ற பெயரே உத்தரவாதம் ஆகிவிடாது. ஆலைக்காரரின் கைத்திறனும் சேர்ந்தால்தான் சரக்கு தேறும்.

நான் என்சைம் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் சலவைதான். விருந்தினர் விரிப்பு ஆள் மாறும்போதெல்லாம் துவைக்கப்படும். எங்கள் சலவைக்காரர் கல்லில் அடித்துத் துவைப்பவர், கிணற்றுத் தண்ணீரோ கடினம். சோப்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து படியும் கசடு, ஆலையில் கிடைத்த மென்மையை மெல்ல மெல்லத் திரும்பப் பறிக்கும். நனைந்தால் பலம் கூடுகிற நார் என்பதால் லினன் அடியைத் தாங்கும். ஆனால் ஆலையிலேயே கல்லோடு உரசி வந்த துணியை மறுபடி கல்லில் அடிப்பது எதற்கு? கல் சலவை உறைகளில் முதலில் நைவது மடிப்பு ஓரமும் தையல் விளிம்பும்தான். எங்கள் தலையணை உறைகளில் அதைப் பார்த்தேன். என்சைம் விரிப்புகளில் அந்த நைவு இதுவரை இல்லை. மெஷினில் மெதுவாகத் துவைப்பவர்கள் வீட்டில் கணக்கு வேறாக இருக்கலாம். அங்கே கல் சலவையின் அழகு ஜெயித்தாலும் ஆச்சரியமில்லை.

இரண்டு விஷயம் சலவைக்காரரிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். கஞ்சி போடக் கூடாது. சோப்புக்குப் பதில் சலவைத் திரவம், கடைசி அலசலுக்குக் கொஞ்சம் வினிகர். கஞ்சி இல்லாமல் துணி எப்படி நிற்கும் என்று அவருக்குக் குறைதான். கண்டாங்கிக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கரும்பச்சை, கருநீலம் போன்ற அடர்நிறத்தில் நான் வாங்கவில்லை, வெள்ளையும் சாம்பலும்தான். அடர்நிறம் எடுப்பவர்கள் முதலில் ஒரு தலையணை உறை மட்டும் வாங்கி, இங்கத்துத் தண்ணீரில் அலசிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்கலாம்.